எட்டாவது ஓட்டு

ஏழு பேர் அந்தப் பக்கம்,
ஏழு பேர் இந்தப் பக்கம்.
மிச்சம் நான்:
ஒன்பதாவது வார்டு, சுயேச்சை,
பூட்டுசாவி சின்னம்,
பதினோரு ஓட்டு வித்தியாசம்.

சிவதாபுரத்துப் பட்டறையில்
கொலுசுக்குப் பற்று வைக்கிற கூலிக்காரி.
பொடி வைத்து ஊதத் தெரியும்,
பொடி வைத்துப் பேசத் தெரியாது.
முடிவு சொன்ன சாயங்காலம்
இரண்டு கார்கள் எங்கள் சந்துமுனையில்
மூக்கோடு மூக்கு முட்டி நின்றன.
இருபது வருஷமாய்ப் பாவாயி.
அன்றைக்குத்தான் பாவாயியம்மா.

எது முதலில் கதவைத் திறந்ததோ
அதில் ஏறினேன்.
கொள்கை என்று கேட்டால் அவ்வளவுதான்.

ஏற்காட்டு மலையில்
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
வயிறு புரட்டியது.
வண்டியை நிறுத்த மாட்டார்களாம்,
பின்னால் அவர்கள் வருகிறார்களாம்.
ஆறாவது வார்டு தனகோட்டிதான்
பாலிதீன் பையை நீட்டினார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
மரியாதையாக.

எஸ்டேட் பங்களா.
போன்களை வாங்கி
எவர்சில்வர் அண்டாவில் போட்டு மூடினார்கள்.
எட்டும் சேர்ந்து அதிரும்போது
உள்ளே கதண்டுக் கூடு கலைந்த மாதிரி சத்தம்.
மூன்று வேளையும் கறி.
சனிக்கிழமை நான் கவிச்சி தொடமாட்டேன் என்றதற்கு
மனசு மாறிவிட்டேனா என்று
சமையல்காரரைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே
காப்பிப்பழம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.
தட்டுக்கடியில் மேஸ்திரியின் விரல்
எனக்குத் தெரிந்தது,
மில்லிகிராமுக்குச் சண்டை போட்ட கண் அல்லவா.
கூடையை இறக்கிய பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்,
"கல்யாண வூடுங்களா?"
"எலக்சன்."
"இன்னுமா முடியல?"

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"
என்று ராத்திரி கேட்டார்கள்.
சாக்கடைக்கு மூடி என்றேன்.
சிரித்தார்கள். "அது ஊருக்கு. உங்களுக்கு?"
மூணடிக்கு ரெண்டடி, பதினேழு மூடி,
ரேஷன் கடையிலிருந்து பால்வாடி வரைக்கும்.
யாரோ சிகரெட் அட்டையில் பதினேழு என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்கள்.

தூக்கம் வரவில்லை.
வராந்தாவில் நின்றால் கீழே சேலம்,
பட்டறைத் தரையில் சிந்திய வெள்ளித்தூள் மாதிரி.
என் வார்டைத் தேடினேன்.
விளக்கு எங்கெங்கே இல்லையோ
அங்கெல்லாம் என் வார்டு மாதிரியே இருந்தது.

மறைப்புத் தட்டிக்குப் பின்னால்
நான் எழுதிய பெயர் எனக்குத் தெரியும்.
மூன்று நாள் சோறு போட்டவர்களுக்கே எழுதினேன்.
எண்ணினார்கள்.
அந்தப் பக்கம் எட்டு.
இந்தப் பக்கம் ஏழு.

பதினான்கு தலையும் என் பக்கம் திரும்பியது,
தனகோட்டியின் தலை முதலில்.

திரும்பி வர பஸ்ஸில் வந்தேன்.
யாரும் பேசவில்லை, நானும் சத்தியம் செய்யவில்லை.
சூடத்தை அணைத்துச் சொல்ல
எனக்கென்ன கேடு.
அடுத்த வாரம்
தனகோட்டியின் வேட்டியில் கரை மாறியிருந்தது.
துணைத்தலைவர் அறைக்குப் புது ஏசி.
சந்தில் நான் மறுபடி பாவாயி ஆனேன்,
சிலருக்கு அதுவும் இல்லை,
"அந்தப் பொம்பளை."

மூடி ஐந்து வந்தது.
போட்டது நாங்கள்தான் என்று
இரண்டு கட்சியும் பேனர் வைத்தார்கள்.
ஆறாவது குழியில் ஒரு பள்ளிக்கூடப் பையன்
முழங்கால்வரை இறங்கி ஏறினான்.
கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.
தீர்மானப் புத்தகத்தில் "ஒத்திவைக்கப்பட்டது"
அழகான கையெழுத்தில் இருக்கிறது.

நேற்று நடுராத்திரி போன்.
நம்பிக்கையில்லாத் தீர்மானமாம்,
மறுபடி ஏழுக்கு ஏழாம்,
"விடியறதுக்குள்ள கார் வந்துடும்ங்க,
பாவாயியம்மா."

பன்னிரண்டு என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது.
"பன்னெண்டு பேருங்களா? யார் யாரு?"

மூடி.